கடிதத்துக்கு நாலரை, தொலைபேசிக்கு இரண்டு: அரசு நடத்திய அஞ்சல், தொலைபேசி சேவைக்கு ஒரு வாடிக்கையாளரின் மதிப்புரை

போன மாதம் ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் புதுக் கண்ணாடி அனுப்ப வேண்டியிருந்தது. பழைய கண்ணாடியின் காம்பு உடைந்து நூல் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஒரு தனியார் கூரியர் கடைக்குத்தான் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி பின்கோடைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஊருக்கு சர்வீஸ் இல்லை சார், பக்கத்து டவுனுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். எழுபத்தெட்டு வயதில் இரண்டு பஸ் மாறி வந்து கண்ணாடி வாங்குவதாக இருந்தால் அவர் அங்கேயே ஒன்று வாங்கியிருப்பாரே. சரி என்று நாலு தெரு தள்ளி இருந்த அஞ்சலகத்துக்குப் போனேன். அங்கே அந்தக் கேள்வியே வரவில்லை. பெட்டியை எடை போட்டார்கள், முகவரியைத் தட்டினார்கள், இ-யில் தொடங்கி ஐஎன்-னில் முடியும் பதின்மூன்று இலக்க எண்ணோடு ஒரு பட்டைக்குறி ஒட்டினார்கள், நூறு ரூபாய்க்குள் முடிந்தது. நாலாம் நாள் பெரியம்மா போன் செய்து, "எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதுடா" என்றார். கிளை அஞ்சலகத்துத் தபால்காரர் வீட்டுத் திண்ணை வரை வந்து கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்குத் தோன்றியதுதான் இது. ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் மதிப்புரை எழுதுகிறோம். நம் தாத்தா காலத்திலிருந்து நாம் எல்லோரும் வாடிக்கையாளராக இருந்த ஒரு சேவைக்கு யாரும் எழுதுவதில்லை, கோபம் வந்தால் திட்டுவதோடு சரி. அதனால் ஒரு கவுன்டரைப் பற்றி இல்லாமல், அரசு கையில் இருந்த அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும் எப்படி நடந்தன, எதற்குப் பாராட்டலாம், எதற்கு மதிப்பெண் குறைக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை ஆரம்பித்தவர்கள் நமக்குச் சேவை செய்ய ஆரம்பிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தன் கடிதங்கள் போக வேண்டியிருந்தது, படைக்கும் வசூலுக்கும் செய்தி வேண்டியிருந்தது. கல்கத்தாவில் 1774-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார், மதராஸில் 1786-ல் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ் வந்தது. (இன்றைக்கு ராஜாஜி சாலையில் நிற்கும் சிவப்புக் கட்டடம் நூறு வருஷம் கழித்து வந்தது, சிஸோம் வடிவமைத்தது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று நிமிர்ந்து பாருங்கள்.) 1837-ல் ஒரு சட்டம் போட்டு, காசு வாங்கிக்கொண்டு கடிதம் கொண்டுபோகும் உரிமை அரசுக்கு மட்டுமே என்று ஆக்கினார்கள். அதாவது அஞ்சலில் அரசின் தனியுரிமை சுதந்திர இந்தியா கண்டுபிடித்ததில்லை, கம்பெனி காலத்துச் சொத்து.

ஆனால் 1854-ல் நடந்தது வேறு. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்து அஞ்சல் சட்டம், அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் நாடு முழுக்க ஒரே கட்டணம். கால் தோலா (தோலா என்பது பழைய எடை அளவு) எடைக்கு அரை அணா, அவ்வளவுதான். பக்கத்து ஊருக்கும் அரை அணா, பெஷாவருக்கும் அரை அணா. அதற்கு முன்னால் தூரத்தைக் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1840-ல் பிரிட்டனில் ரோலண்ட் ஹில் கொண்டுவந்த யோசனைதான் இது. கடிதத்தைச் சுமந்து போவதில் செலவு அதிகம் இல்லை, அதை வாங்கி எடை பார்த்துக் கட்டணம் கணக்கிட்டு, பிரித்துக் கட்டி, வீட்டைத் தேடிக் கொடுப்பதில்தான் செலவு என்று அவர் கண்டார். தூரக் கணக்கைத் தூக்கிப் போட்டு, முன்கூட்டியே ஒரு தபால் வில்லையை ஒட்டச் சொன்னால் பாதி வேலை குறைந்துவிடும். நாடு சின்னதாக இருந்த பிரிட்டனில் இது நல்ல யோசனை. இந்தியா மாதிரி அகண்ட நாட்டில் இது அதைவிடப் பெரிய விஷயம். பெரியம்மா ஊருக்கு "சர்வீஸ் இல்லை" என்று சொல்ல ஒரு காரணமே இல்லாமல் ஆக்கியது இதுதான். லாபம் தரும் முகவரி, லாபம் தராத முகவரி என்ற பேச்சே எழாது. இந்தச் சேவையின் உண்மையான சரக்கு இதுதான் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் இதன் மேல் கட்டியது.

கட்டியதும் கொஞ்சநஞ்சமில்லை. 1879-ல் போஸ்ட் கார்டு, கால் அணாவுக்கு. 1880-ல் மணியார்டர். 1882-ல் சேமிப்பு வங்கி. 1884-ல் தபால் துறை ஊழியருக்காகத் தொடங்கிய ஆயுள் காப்பீடு. வங்கத்தில் மலேரியாவுக்கு க்வினைன் பொட்டலங்களைக்கூடத் தபாலாபீஸில் விற்றிருக்கிறார்கள். பின்னால் ரேடியோ வைத்திருந்தால் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டியதும் அங்கேதான். எல்லா ஊரிலும் அரசுக்கு ஒரு கதவு இருந்ததென்றால் அது தபாலாபீஸ் கதவு. அதனால் எதைக் கொடுக்க வேண்டுமென்றாலும் வாங்க வேண்டுமென்றாலும் அதன் வழியே நடந்தது.

மணியார்டர் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல ஆசை. அந்தப் படிவத்தின் அடியில் ஒரு சின்னத் துண்டு இருக்கும், பணத்தோடு இரண்டு வரி எழுதிக்கொள்ளலாம். பம்பாய்க்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனவர் அதில்தான் குடும்பம் நடத்தினார். "நலம். பணம் கிடைத்ததும் பால்காரருக்குக் கொடுக்கவும். மழை உண்டா." என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா மணியார்டர் வந்தால் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தொட வைத்து, ரேகையைப் படிவத்தில் அழுத்தி, நோட்டுகளை ஒவ்வொன்றாக ஆச்சி கையில் எண்ணி வைத்துவிட்டு, கடைசியாக அந்தத் துண்டை வாசித்துக் காட்டுவார். இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார் ஆச்சி. துண்டுகளைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், இன்றும் நாலைந்து வீட்டில் இருக்கின்றன. இப்போது போனில் பத்து வினாடியில் பணம் போய்விடுகிறது, அது நல்லதுதான். ஆனால் வங்கிக்கிளை ஒன்றுகூட இல்லாத ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கையில் ஒரு ரூபாய் குறையாமல் பணம் சேர்ந்தது, அதுவும் வாசலிலேயே. இதை நூறு வருஷத்துக்கு மேல் தினமும் செய்து காட்டியது இந்தச் சேவை.

அப்புறம் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரியின் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படும். ஆறு இலக்கம். முதல் எண் மண்டலம் (நமக்கு 6, கேரளத்துக்கும் அதே 6), அடுத்தது உள்மண்டலம், மூன்றாவது பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். எட்டு மண்டலம் நிலத்துக்கு, ஒன்பதாவது ராணுவத்துக்கு. தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை கோட்டூர், எத்தனை ராமநாதபுரம் என்று யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு தேவையாக இருந்தது என்று புரியும். தமிழில் எழுதிய முகவரியை ஜார்கண்டில் பிரிப்பவர் படிக்க வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்துப் பைக்குள் போட்டால் போதும். அந்தப் பையும் ராத்திரி ரயிலில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே மெயில் சர்வீஸ்) பெட்டிக்குள், ஓடும்போதே பிரிக்கப்பட்டுக்கொண்டு போகும். புறா மாடம் மாதிரி சுவர் நிறைய அறைகள், நின்றுகொண்டே கடிதம் வீசும் ஊழியர்கள். ரயில் கிளம்பும் நேரத்தில் ஓடிப்போய், கூடுதலாக லேட் ஃபீ வில்லை ஒட்டி அந்தப் பெட்டியிலேயே கடிதத்தைப் போட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றைக்கு எந்தத் தனியார் நிறுவனமும் வீட்டுக்குப் பொருள் கொண்டுவர அந்த ஆறு எண்ணைத்தான் கேட்கிறது. அரசு போட்ட ரோட்டில் எல்லாருடைய வண்டியும் ஓடுகிறது. இதற்காகவே கடிதப் பக்கத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.

அரை மதிப்பெண் எதற்குக் குறைத்தேன்? இரண்டு காரணம். ஒன்று, கிராமத்துத் தபாலை உண்மையில் சுமப்பவர்கள் பலரும் துறையின் நிரந்தர ஊழியர்கள் இல்லை. அந்தக் காலத்தில் ஈ.டி. (துறைக்கு வெளியே உள்ள) ஏஜென்ட், இப்போது கிராமிய அஞ்சல் ஊழியர், ஜி.டி.எஸ். என்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேர வேலை என்று கணக்கு. இவர்கள் வகிப்பதும் அரசின் கீழ் உள்ள சிவில் பதவிதான் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் நிரந்தர ஊழியருக்கான ஊதியமும் ஓய்வூதியமும் அவர்களுக்குக் கிடையாது. அந்தக் கோரிக்கையோடு எத்தனையோ முறை வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். ஒரே கட்டணம் என்ற அந்த அழகான ஏற்பாட்டின் மீதிச் செலவை யார் தாங்குகிறார்கள் என்று கேட்டால், ஒரு பகுதியை இவர்கள் தாங்குகிறார்கள் என்பதுதான் பதில். இரண்டாவது, கடிதம் தொலைந்தாலும் தாமதமானாலும் வேறு வீட்டுக்குப் போனாலும் அரசு பொறுப்பில்லை என்று 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொன்னது. அதை மாற்றிவிட்டு வந்த 2023 சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. தனியுரிமை போய்விட்ட பிறகும் இந்தச் சலுகை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

தந்திக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பர் வரை 1850-ல் சோதனைக் கம்பி இழுத்தவர் ஓஷானெஸி, தொழிலால் மருத்துவர். 1855-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நம் வீடுகளில் தந்தி என்றாலே சாவு என்ற பயம், பிரிக்கும் முன்பே அழுகை எழும். வேலை கிடைத்த சேதியும் குழந்தை பிறந்த சேதியும் வந்தன, ஆனால் பயம்தான் நினைவில் நின்றது. வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் சுருக்கி எழுதும் ஒரு பழக்கமே உருவானது. கம்பெனிகள் முகவரியையே ஒற்றைச் சொல்லாகப் பதிந்து வைத்துக்கொண்டன. 2013 ஜூலையில் கடைசித் தந்திகளை அனுப்பிச் சேவையை மூடினார்கள், அன்றைக்கு வரிசையில் நின்று நினைவுக்காக அனுப்பியவர்கள் பலர்.

தந்தி போய்விட்டது, ஆனால் தந்திச் சட்டம் சமீபம் வரை இருந்தது. 1885-ல் போட்ட சட்டம். தந்தி நடத்தும் உரிமை முழுவதும் அரசுக்கு என்று 4-ஆம் பிரிவு. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்றால் செய்தியை இடைமறித்துப் படிக்கலாம் என்று 5-ஆம் பிரிவு. இதே சட்டத்தைத்தான் தொலைபேசிக்கும் செல்போனுக்கும் நீட்டினார்கள். ஒட்டுக்கேட்புக்கு நடைமுறை ஒழுங்கே இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம்தான் யார் உத்தரவு போடலாம், எத்தனை நாளைக்கு, யார் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று வரையறுத்தது. கடிதத்திலும் அதே கதை. 1986-ல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இன்னும் பரந்த அதிகாரம் தரும் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடவே இல்லை, அது அப்படியே கிடந்து போனது. சேவையை நடத்துபவரே உளவும் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அரசு நிர்வாகத்தோடு கூடவே பிறந்தது. 2023-ல் வந்த அஞ்சல் சட்டமும் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த அதிகாரத்தைக் கைவிடவில்லை. இந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே போட எனக்கு மனமில்லை.

இப்போது தொலைபேசி. இங்கேதான் எனக்குக் கோபம். பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தியாவில் தொலைபேசி தனியார் கையில்தான் ஆரம்பித்தது. 1881-ல் ஓரியன்டல் டெலிபோன் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள், அடுத்த வருஷம் ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. இந்த மூன்று நகரத்துக் கம்பெனிகளையும் அரசு 1943-ல், போர்க்காலத்தில்தான் எடுத்துக்கொண்டது. சுதந்திரத்தின்போது நாடு முழுக்க ஒரு லட்சம் தொலைபேசிகூட இல்லை. அதுவரை யாரையும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான். 1991 வாக்கில் நாட்டில் சுமார் 50 லட்சம் இணைப்புகள், வரிசையில் காத்திருந்தவர்கள் சுமார் 20 லட்சம். விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஐந்து வருஷம், பத்து வருஷம். அப்பா விண்ணப்பித்த போன் மகன் கல்யாணத்துக்கு வரும் என்பது அன்றைக்கு வெறும் பேச்சு இல்லை. ஓ.ஒய்.டி. என்று ஒரு பிரிவு, பெரிய தொகையை முன்பணமாகக் கட்டினால் வரிசையில் கொஞ்சம் முன்னே போகலாம். வெளியூர் பேச ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வேகம், மூன்று விலை. தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அந்தத் தெரு முழுக்கவே விசிட்டிங் கார்டில் அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று எழுதிக்கொள்ளும்.

ஒரே துறை, ஒரே அமைச்சகம். அஞ்சலும் தந்தியும் 1914-லிருந்து ஒரே தலைமை இயக்குநரின் கீழ் இருந்தவை. அப்படியிருக்க, கடிதத்தில் கடைசிக் குடிசை வரை போனவர்கள் தொலைபேசியில் நடுத்தர வீட்டையே காக்க வைத்தது எப்படி? நான் ரொம்ப நாள் இதை ஊழியர்களின் அலட்சியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிகூட இல்லை. கடிதச் சேவையைப் பெரிதாக்க ஆளும் பையும் போதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கலாம். தொலைபேசிக்கு முதலில் மூலதனம் வேண்டும்: எக்ஸ்சேஞ்ச், கேபிள், அதுவும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் கருவிகள். அந்தப் பணத்துக்குத் திட்டக் குழுவிடமும் நிதி அமைச்சகத்திடமும் கைநீட்ட வேண்டும், அங்கே தொலைபேசி ஓர் ஆடம்பரம், அணைக்கும் உரத்துக்கும் பிறகுதான். தொலைபேசி சம்பாதித்ததையும் முழுதாகத் தொலைபேசிக்கே போட முடியவில்லை. பிரிட்டனிலும் இதேதான் நடந்தது, அங்கேயும் 1912 முதல் தபால் துறை கையில் தொலைபேசி, அங்கேயும் இணைப்புக்கு வரிசை. அரசு கஜானாவின் ஒரு பையாக இருக்கும்வரை தொலைபேசி வளராது என்பது பல நாடுகள் கண்டது.

சரி, காரணம் புரிகிறது. புரிந்தாலும் மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. தன்னால் கொடுக்க முடியாததை வேறு யாரும் கொடுக்கவும் விடவில்லை. 1885 சட்டத்தின் 4-ஆம் பிரிவை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், அத்தனை பேருக்கும் போன் கொடுப்பது எங்கள் கடமை என்று வந்திருக்கும். அதை உரிமையாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் போன் இணைப்பு என்பது ஒருவருக்குக் கிடைக்கும் சலுகை ஆனது, எம்.பி. சிபாரிசுக் கடிதம் கேட்கும் பொருள் ஆனது. தொலைபேசிக்கு இரண்டு மதிப்பெண்தான்.

அந்த இரண்டையும் வாங்கிக் கொடுத்தது தெருமுனைத் தொலைபேசி பூத்தின் மஞ்சள் பலகை. 1984-ல் அரசே சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தை அமைத்தது, அதற்குப் பின்னால் இருந்த சாம் பிட்ரோடா பெயர் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு ஏ.சி. அறை வேண்டும், கிராமத்தில் ஏ.சி.க்கு எங்கே போவது? நம் வெயிலையும் தூசியையும் தாங்கும், ஏ.சி. வேண்டாத 128 இணைப்பு எக்ஸ்சேஞ்ச் ஒன்றை இங்கேயே வடிவமைத்தார்கள். அது சின்ன ஊர்களுக்குப் போனது. கூடவே காசு கொடுத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பேச எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய பூத்துகள் மூலைக்கு மூலை வந்தன, மாற்றுத்திறனாளிகளுக்கும் கைம்பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்து. வீட்டுக்கு வீடு போன் கொடுக்க முடியாவிட்டாலும் தெருவுக்கு ஒன்று கொடுக்கலாமே என்ற அந்த யோசனை 1854-ன் அரை அணாவுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. கண்ணாடிக் கதவுக்குள் புழுக்கத்தில் நின்று, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியதை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால் என்று குறையும், அதற்காகச் சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்போம். தொலைபேசியை அரசு எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்பதை அரசே ஒரு தடவை செய்து காட்டியது. முப்பது வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நமக்கெல்லாம் தெரிந்த காலம். 1985-ல் அஞ்சலையும் தொலைத்தொடர்பையும் இரண்டு துறையாகப் பிரித்தார்கள். 1986-ல் டில்லிக்கும் பம்பாய்க்கும் எம்.டி.என்.எல்., வெளிநாட்டு அழைப்புக்கு வி.எஸ்.என்.எல். என்று அரசு நிறுவனங்கள். 1994-ல் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது, அடுத்த ஜூலையில் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் செல்போனில் பேசினார். அப்போது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை, வரும் அழைப்புக்கும் காசு. 1997-ல் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்த டிராய் என்ற ஆணையம். அதுவரை ஆட்டக்காரரும் நடுவரும் ஒருவரே. 2000 அக்டோபர் 1-ல் துறையின் தொலைபேசிச் சேவை பி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது, அது 2002-ல் மொபைலுக்கு வந்தது. அந்த ஓரிரு வருஷத்தில் கட்டணம் எப்படிச் சரிந்தது என்று நினைவிருக்கும்.

பி.எஸ்.என்.எல். பற்றி ஒரு வார்த்தை. கரன்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்யும், கவனித்திருப்பீர்கள். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரி வரிசையிலிருந்து அந்தச் செம்புக் கம்பி வழியாகவே 48 வோல்ட் வரும், வீட்டு மின்சாரம் தேவையே இல்லை. புயல் ராத்திரியில் ஊரே இருட்டில் கிடக்கும்போது ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும், அது தரும் தைரியத்தை எந்த ஆப்பும் தரவில்லை. அப்படிப்பட்ட கட்டமைப்பை வைத்துக்கொண்டு நாடு 4ஜிக்குப் போனபோது அதற்கான அலைக்கற்றையும் கருவியும் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் நின்றது அந்த நிறுவனம். 2019-ல் அறிவித்த விருப்ப ஓய்வில் சுமார் 78,000 பேர் வெளியேறினார்கள், பாதிப் பேர். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் கட்டிய 4ஜியை 2025 செப்டம்பரில்தான் நாடு முழுக்கத் தொடங்கினார்கள். சி-டாட் அதிலும் இருக்கிறது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. நடத்துவது அரசு, போட்டியின் விதியை எழுதுவதும் அரசு, ஆனால் தன் நிறுவனத்துக்கு வேண்டியதை நேரத்துக்குக் கொடுக்காததும் அரசு. மலைக்கிராமத்துக்கும் எல்லைப்புறத்துக்கும் யார் கோபுரம் வைப்பார்கள் என்ற கேள்வி வரும்போது மட்டும் எல்லோரும் அதன் பக்கம் திரும்புகிறோம்.

அஞ்சல் இன்றைக்கு எப்படி இருக்கிறது? 1.64 லட்சம் அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமத்தில். சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீத வட்டி. வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு, இங்கே போட்டது முழுக்க அரசின் பொறுப்பு. மாதாமாதம் சேர்க்கும் ஆர்.டி. சேமிப்புக்குப் பணம் வாங்க வீட்டுக்கு வரும் மகளிர் முகவர்களால் எத்தனை வீட்டில் நகை வாங்கினார்கள், ஃபீஸ் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போஸ்ட் கார்டு இன்னும் 50 பைசா, அச்சடிக்கும் செலவுக்கே காணாது, ஆனாலும் விற்கிறார்கள். 2025-ல் பதிவு அஞ்சலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், பதிவு என்பது இப்போது ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கூடுதல் வசதி. நிர்வாகத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் கோர்ட் நோட்டீஸும் பத்திரமும் அனுப்பும் சாமானியருக்குச் செலவு கூடுகிறது, இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கலாம். எல்லா முகவரிக்கும் போகும் கடமையை அரசு எடுத்துக்கொண்டால் அதற்கான பணத்தையும் வெளிப்படையாக ஒதுக்க வேண்டும், நஷ்டம் என்று ஒவ்வொரு வருஷமும் அந்தத் துறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. பள்ளிக்கூடத்தை யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லையே.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: ஒவ்வொரு அஞ்சலகத்திலும் அன்றைய பையைக் கட்டும் நேரம் ஒன்று உண்டு, கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள், அன்றைக்கே கிளம்பிவிடும். பின்கோடைப் பெரிதாக, கட்டம் கட்டினதுபோல் தெளிவாக எழுதுங்கள். கிராமத்துக்கு அனுப்புவதானால் ஊர்ப் பெயரோடு கிளை அஞ்சலகத்தின் பெயரையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே பின்கோடில் பல கிளைகள் இருக்கும். வாங்குபவர் பெயரோடு, இன்னார் மனைவி, இன்ன கோயில் தெரு என்று ஒரு வரி சேர்த்தால் தபால்காரருக்கு அலைச்சல் குறையும். பெரியம்மா முகவரியில் நான் "வேப்பமரத்து வீடு" என்று எழுதியிருந்தேன். போனில் பேசும்போது அவர் சொன்னார், "மரம் போன புயலிலேயே விழுந்துடுச்சுடா, ஆனா அந்தப் பிள்ளைக்கு வீடு தெரியும்."